நாயைக் காணோம் பாஸ்!

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க. ஸ்கூபி டூ ஞாபகம் வருதா? நீலமும் பச்சையுமா ஒரு வேன், பேயைக் கண்டா நம்மளைவிட வேகமா ஓடுற பயந்தாங்கொள்ளி நாய், எந்நேரமும் பசியிலேயே திரியுற ஷேகி, கண்ணாடியைத் தொலைச்சுட்டுத் தரையைத் தடவுற வெல்மா... கடைசியில பேயோட முகமூடியைக் கழட்டினா உள்ளே யாரோ ஒரு பேராசைக்காரர்! ஸ்கூல் விட்டு வந்து, பையை ஒரு மூலையில வீசிட்டு, டி.வி. முன்னாடி சப்பணம் போட்ட கோஷ்டிதானே நாம எல்லாரும்?

சரி, இப்போ கண்ணைத் திறங்க. அந்தக் கதையிலிருந்து நாயை மட்டும் தூக்கிட்டா என்ன ஆகும்?

'செம மொக்கையாகும்'னு நீங்க கத்துறது எங்க ராயகிரி வரைக்கும் கேட்குது. ஆனா, நிஜமாவே தூக்கினாங்க பாஸ்! 2023 ஜனவரி 12-ம் தேதி அமெரிக்காவில் எச்.பி.ஓ. மேக்ஸ் வெளியிட்ட 'வெல்மா' தொடரில் ஸ்கூபி கிடையாது. இது குட்டீஸுக்கான கார்ட்டூன் இல்லை. கொலை, ரத்தம், இரட்டை அர்த்தம், எல்லாரையும் வாரி விடுற கிண்டல்னு முழுக்க முழுக்கப் பெரியவங்களுக்கான அனிமேஷன். 'பெரியவங்க சமாசாரத்துல எங்க நாயைச் சேர்க்காதீங்க'ன்னு வார்னர் பிரதர்ஸ் தரப்பில் சொல்லிட்டாங்களாம். தொடரை உருவாக்கின சார்லி கிராண்டியே பேட்டியில சொன்ன விஷயம் இது.

இதுல நமக்கு என்ன வந்துச்சுன்னு கேட்குறீங்களா? வெல்மாவுக்குக் குரல் கொடுத்து, தயாரிப்பிலும் கைகோத்தவர் மிண்டி கேலிங். முழுப்பேரு வேரா மிண்டி சொக்கலிங்கம். ஆமாங்க, அப்பா நம்ம தமிழர். அம்மா வங்காளி. அந்தச் சொக்கலிங்கத்தை மேடைக்கு வசதியாச் சுருக்கினதுதான் கேலிங். இவங்க வந்ததும் வெல்மாவையும் இந்திய வம்சாவளிப் பொண்ணா மாத்திட்டாங்க. ஹாலிவுட்டுல நம்ம பொண்ணு ஹீரோயின்! விசில் பறந்திருக்கணும் இல்லையா?

பறந்தது செருப்புதான். முதல் நாள் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. அந்தத் தளத்தோட சொந்த அனிமேஷன் தொடர்களிலேயே பெரிய ஓப்பனிங் இதுக்குத்தான்னு கம்பெனியே அறிவிச்சது. ஆனா, வந்து பார்த்தவங்க திட்டிட்டுப் போனாங்க. ஐ.எம்.டி.பி. தளத்தில் ரசிகர்கள் போட்ட மார்க் 10-க்கு 2-ஐக்கூடத் தொடலை. எங்க காலேஜ் இன்டர்னல்லகூட அதைவிட அதிகமாப் போடுவாங்க! 2024-ல ரெண்டாவது சீசன், அப்புறம் ஒரு ஹாலோவீன் ஸ்பெஷல்... அதே அக்டோபரில் கடையைச் சாத்திட்டாங்க.

ஏன் ஊத்திக்கிச்சு?

நியாயமா ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடணும். வந்த திட்டு எல்லாமே யோக்கியமான திட்டு இல்லை. 'வெல்மாவை எப்படி நீ இந்தியப் பொண்ணா மாத்தலாம்?'னு தொடர் வர்றதுக்கு முன்னாடியே ஒரு கூட்டம் குதிச்சது. அது சுத்தமான நிறவெறி. அதைக் குப்பையில போட்டுடலாம். ஆனா, 'ஆஹா, நம்ம பொண்ணு'ன்னு ஆசையா உட்கார்ந்த இந்திய வம்சாவளிப் பிள்ளைகளும் முகம் சுளிச்சாங்களே... அதுக்கு என்ன பதில்?

'கார்ட்டூன்னா குழந்தைங்களுக்குத்தான், பெரியவங்க எப்படிப் பார்ப்பாங்க?'ன்னு சிலர் சொல்வாங்க. அதுவும் செல்லாது. 'சிம்ப்சன்ஸ்' 1989-லிருந்து ஓடுது. 'சவுத் பார்க்' 1997-ல ஆரம்பிச்சது. 'போஜாக் ஹார்ஸ்மேன்'னு ஒரு குதிரை முகத்து நடிகரோட கதை 2014-லிருந்து 2020 வரைக்கும் 6 சீசன் ஓடி, எங்க ரூம்ல ஒருத்தனைத் தேம்பித் தேம்பி அழ வெச்சிருக்கு. கார்ட்டூன் மேல தப்பு இல்லை.

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு குடையுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அமெரிக்காவுல ஒரு 'வெல்மா' ஊத்திக்கிச்சுன்னா, எங்க காலேஜ் ஆடிட்டோரியத்துல ஒரு 'கிராமத்து இன்ஜினீயர்' ஊத்திக்கிச்சு. எழுத்து, இயக்கம், அனிமேஷன்... ஹி... ஹி... அடியேன்தான்!

நாலு நிமிஷப் படம். மூணு மாச வேலை. பிளெண்டர் சாஃப்ட்வேரை இறக்கி, ஹாஸ்டல் கம்ப்யூட்டர் சூடாகிப் புகையாத குறையா ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து பண்ணினது. சங்கரன்கோவில் பக்கத்து ராயகிரியிலிருந்து ஒரு பையன் சிட்டி காலேஜுக்குக் கிளம்புறான். மூட்டை முடிச்சோட பஸ் ஏறுறான். பஸ்ஸுக்குள்ள கோழி. ஜன்னலுக்கு வெளியே ஆடு. டீக்கடையில வேட்டியை மடிச்சுக் கட்டின ஒரு பெரியவர், 'என்னப்பா, ஆஸ்டலுக்கா? அங்க கம்பீட்டரு இருக்குமா?'ன்னு கேட்கிறார். இப்படிப் போகும் கதை.

டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல போட்டாங்க. முதல் ஜோக்... அமைதி. ரெண்டாவது ஜோக்... யாரோ இருமினாங்க. கோழி வந்துச்சு. ஃபேன் சுத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு. இந்த வாழ்க்கையில இனிமே நான் வாங்குறதுக்கு பல்பே பாக்கி இல்லை பாஸ்!

ஒரே ஒரு இடத்துல மட்டும் சிரிச்சாங்க. 'ஆஸ்டல்.'

சிட்டிப் பசங்க உட்கார்ந்திருந்த வரிசை மொத்தமும் வெடிச்சுச் சிரிச்சுது. ஷோ முடிஞ்சு ஒருத்தன் என் தோள்ல கையைப் போட்டு, 'மச்சி, உங்க ஊர்ல நிஜமாவே இப்படித்தான் பேசுவாங்களா?'ன்னு கேட்டான். 'ஆமா மச்சி, செம காமெடியா இருக்கும்'னேன். ஒரு சிரிப்பாவது கிடைச்சுதேன்னு அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். இப்போ நினைச்சா அந்தத் தூக்கம்தான் உறுத்துது. அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

ஆடித்தபசு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, தாத்தாகிட்ட செல்போன்ல படத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு முழுசாப் பார்த்தார்.

'எலேய், இது எந்த ஊருல?'

'நம்ம ஊருதான் தாத்தா!'

'நம்ம ஊரு மாதிரியே இல்லியேடே...'

அப்புறம்தான், 'ஒனக்கு உச்சிக்குடும்பனைத் தெரியுமாடே?'ன்னு ஆரம்பிச்சார்.

உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. தோல்பாவைக்கூத்துல வர்ற காமெடி ஜோடியாம். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் இவங்க ரெண்டு பேரும் அந்தக் காலத்துச் சூப்பர் ஸ்டார்கள். வெள்ளைத் திரை கட்டி, பின்னாடி விளக்கு வெச்சு, ஆட்டுத் தோலில் செஞ்ச வண்ணப் பொம்மைகளைத் திரையோட ஒட்டி ஆட்டினா, முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குப் படம் ஓடும். ராமன், ராவணன், அனுமன் எல்லாருக்கும் ஒரே ஆள் குரல் மாத்தி மாத்திப் பேசுவார். ராமாயணம் ராத்திரி ராத்திரியா நாள் கணக்கில் நடக்கும். நடுநடுவுல இந்த ரெண்டு பேரும் புகுந்து ஊர் வம்பு பேசுவாங்க. பச்சையாவும் பேசுவாங்க!

யோசிச்சுப் பாருங்க. திரையில ஆடுற படம், பெரியவங்களுக்கான கிண்டல், எபிசோடு எபிசோடாக் கதை... அடப்பாவிகளா, இது அதேதானே! வால்ட் டிஸ்னி பிறக்குறதுக்கு முன்னாடியே பெரியவங்களுக்கான அனிமேஷன் காமெடி நம்ம ஊரு மந்தையில ஓடியிருக்கு. நாமதான் 'இந்தியாவுல இந்த மாதிரி எல்லாம் வராது மச்சி'ன்னு பீட்டர் விட்டுக்கிட்டுத் திரியுறோம்.

'பண்ணையாரு மொத வரிசையில உக்காந்திருப்பாருடே. அவரையே சொல்லுவான்'னார் தாத்தா.

'அடிக்க மாட்டாரா?'

'எப்படி அடிப்பாரு? ஊரே சிரிக்குது. அவரு சிரிக்கலேன்னா அவருக்குத்தான கேவலம்!'

'கூத்துக்காரருக்கு ஊர்க் கதை எல்லாம் எப்படித் தாத்தா தெரியும்?'

'பகல்ல வந்து டீக்கடையில உக்காந்திருப்பாம்லா. பேசவே மாட்டான். கேட்டுக்கிட்டே இருப்பான். சாயங்காலம் பாத்தா அம்புட்டும் கூத்துல வந்துரும்.'

அந்தக் கலைஞர்கள் வீட்டுல மராத்தி பேசுறவங்க. தலைமுறை தலைமுறையா ஊர் ஊராப் போய்க் கூத்து நடத்தின குடும்பங்கள். எங்க ஊரைப் பொறுத்தவரைக்கும் அவங்க வெளியாளுங்க. நானோ இங்கேயே பொறந்து வளர்ந்தவன். வெளியாள் கிண்டல் பண்ணினப்போ ஊரே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. உள்ளூர்க்காரன் பண்ணின கிண்டலுக்குச் சொந்தத் தாத்தாவே சிரிக்கலை!

எனக்குப் பொறி தட்டின இடம் இதுதான். 'நான் இந்த ஊர்க்காரன், அதனால இந்த ஊரைக் கிண்டல் பண்ண எனக்கு உரிமை இருக்கு'ன்னு நினைச்சிருந்தேன். அந்த உரிமை பொறப்புல வர்றது இல்லை பாஸ். டீக்கடையில வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து கேட்குறதுல வருது. நான் வரைஞ்ச பஸ்ஸும் கோழியும் ராயகிரியில் பார்த்தது இல்லை, சினிமாவுல பார்த்தது. எங்க ஊரைப் பத்தி சிட்டிப் பசங்க என்ன நினைச்சு வெச்சிருக்காங்களோ, அதையே வரைஞ்சு அவங்க கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கேன்.

இப்போ திரும்ப 'வெல்மா'வைப் பாருங்க. சொக்கலிங்கம் பொண்ணு பண்ணினாங்கங்கிறதுக்காக நாம சிரிச்சாகணுமா? வெல்மாவோட இந்தியத்தனம் அந்தத் தொடர்ல என்னவா வருது? தன்னைத் தானே பிடிக்காத, எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுற இந்தியப் பொண்ணு. அதைத்தான் அமெரிக்க டி.வி.க்காரங்க ஏற்கெனவே பல தடவை சுட்டு வித்துட்டாங்களே! பார்த்த பிள்ளைகள், 'இது நான் இல்லை, என்னைப் பத்தி மத்தவங்க நினைக்கிறது'ன்னு ஒதுங்கிட்டாங்க.

அதே மிண்டி கேலிங் கூட்டாச் சேர்ந்து உருவாக்கின 'நெவர் ஹேவ் ஐ எவர்' 2020-லிருந்து 2023 வரைக்கும் 4 சீசன் நல்லாவே ஓடிச்சு. கனடாவுல பொறந்த நம்ம தமிழ்ப் பொண்ணு மைத்ரேயி ராமகிருஷ்ணன்தான் அதுல தேவி. அதுலயும் கிண்டல் உண்டு. பிள்ளையார் பூஜைக்கு வேண்டாவெறுப்பா தாவணியில வர்ற தேவி, சுத்தி நிக்கிற மாமா, மாமி எல்லாரையும் உள்ளுக்குள்ளே வாருவா. ஆனா, அவளுக்கு அங்கேதான் அப்பா ஞாபகமும் இருக்கு, அம்மாவோட கோபமும் இருக்கு. அவ வேண்டாம்னு தள்ளுறது அவளை விட்டுப் போக மாட்டேங்குது. அதனால சிரிக்கிறோம், கூடவே தொண்டையும் லேசா அடைக்குது. ஒரே ஆள்தான். ஒண்ணுல கூட உட்கார்ந்து கிண்டல் பண்ணினாங்க, இன்னொண்ணுல மேலே நின்னுக்கிட்டுப் பண்ணினாங்க.

ரெண்டாவது காரணம், வெல்மாவோட முதல் எபிசோடு ஆரம்பக் காட்சியிலேயே இருக்கு. 'முதல் எபிசோடுனா தேவையில்லாம ஆடைக்குறைப்பு வெச்சுக் கூட்டம் சேர்ப்பாங்க'ன்னு கிண்டல் அடிக்கிறாங்க. எங்கே வெச்சு? ஸ்கூல் பொண்ணுங்க குளிக்கிற அறையைக் காட்டிக்கிட்டே! 'இது தப்பு, தெரியுமா?'ன்னு கண்ணடிச்சுக்கிட்டே அதே தப்பைப் பண்ணினா அது நையாண்டி ஆகாது. 'நோ பார்க்கிங்' போர்டு மேலேயே வண்டியைச் சாய்ச்சு நிறுத்துற மாதிரிதான்.

நம்ம 'லொள்ளு சபா' டீமை எடுத்துக்கோங்க. சூப்பர் ஹிட் படங்களைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. ஆனா, அந்தப் படங்களை வரி வரியா மனப்பாடம் பண்ணினவனாலதான் அப்படிக் கிழிக்க முடியும். 2010-ல வந்த 'தமிழ்ப்படம்' ஹிட் ஆனதும் அதனாலதான். கை தட்டினதே அந்த ஹீரோக்களுக்கு விசில் அடிச்ச நாமதானே!

மூணாவது விஷயம், இன்ஜினீயரிங் சம்பந்தப்பட்டது. 'சவுத் பார்க்' யார் மேலயும் பாசம் காட்டாதேன்னு நீங்க கேட்கலாம். கரெக்ட். ஆனா, அவங்க பல வருஷமா ஒரு எபிசோடை 6 நாளில் முடிச்சவங்க. திங்கட்கிழமை நடந்தது புதன்கிழமை திரையில வந்துடும். டீக்கடையில கேட்டதைச் சாயங்காலமே ஆட்டின கூத்துக்காரர் டெக்னிக் அது. 'வெல்மா' 2021 பிப்ரவரியில அறிவிச்சு 2023 ஜனவரியில வந்துச்சு. ரெண்டு வருஷம் அடுப்புல இருந்தா ஊர்வம்பு ஆறிப் போயிடும். சூடான வம்பும் இல்லை, ஆறினாலும் ருசிக்கிற கதாபாத்திரமும் இல்லைன்னா என்னத்தைப் பார்க்கிறது?

அப்போ நாய்? கிளம்பும்போது தாத்தாகிட்ட கேட்டேன், 'உச்சிக்குடும்பன் ராமனைக் கிண்டல் பண்ணுவானா?'

'அவரை விட்டுருவான். ராமனைத் தூக்கிட்டா அப்புறம் கூத்து எங்கடே இருக்கு?'

நூறு கிண்டல் பண்ணலாம், அசிங்கமாக்கூடப் பேசலாம். ஆனா, ஜனங்க எதைப் பார்க்க வந்தாங்களோ, அது திரையில இருக்கணும். 1969-லிருந்து ஜனங்க ஸ்கூபி டூ பார்த்தது மர்மத்துக்காக இல்லை. பயந்து நடுங்கினாலும் ஃப்ரெண்ட்ஸை விட்டுட்டுப் போகாத ஒரு நாய்க்காக. அதைத் தூக்கிட்டு, அது இருந்த இடத்துல வெறும் நக்கலை வெச்சாங்க. நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன். எங்க ஊர்லயிருந்து எனக்குப் பிடிச்சது எல்லாத்தையும் வெட்டிட்டு, அடுத்தவனுக்குச் சிரிப்பு வர்றதை மட்டும் வெச்சிருந்தேன்.

இப்போ அந்தத் தூக்கம் ஏன் உறுத்துதுன்னு சொல்றேன். தாத்தா பார்த்துட்டு இருந்தப்போ அப்பா பின்னாடி நின்னு பார்த்திருக்கார். எனக்குத் தெரியாது. படம் முடிஞ்சதும், 'அந்த நேரத்துக்கு நம்ம ஊருல பஸ் கிடையாதேப்பா'ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'அந்த டீக்கடை ஆளு... நானா?'

நான் பதில் சொல்லலை. எங்க வீட்டுல 'ஆஸ்டல்'னு சொல்றது அவர் ஒருத்தர்தான். ஃபீஸ் கட்ட முதல் தடவை வந்தப்போ, வாட்ச்மேன்கிட்ட 'ஆஸ்டலு எங்கய்யா?'ன்னு விசாரிச்சதும் அவர்தான். 'நல்லாத்தான் பண்ணியிருக்க'ன்னு சொல்லிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எலுமிச்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிட்டார்.

போன வாரம் போன் பண்ணினார். 'சாப்பிட்டியா? ஹா...ஸ்டல்ல சாப்பாடு எப்படி?' அந்த 'ஹா'வைத் தேடிப் பிடிச்சு, இழுத்து, சரியாச் சொல்லிட்டோமான்னு ஒரு நொடி நிறுத்தி... எனக்கு அடுத்த வார்த்தையே வரலை. ஆடிட்டோரியத்துல அத்தனை பேர் சிரிக்காதது ஒரு தோல்வியே இல்லை நண்பர்களே. இதுதான் தோல்வி.

படத்தைத் திரும்பவும் பண்ணிக்கிட்டிருக்கேன். இந்தத் தடவை லீவுல நாலு நாள் டீக்கடையில வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தேன். பஸ் டைமிங் சரியாப் போட்டாச்சு. கோழிக்குக் கல்தா. காமெடியன் இப்போ சிட்டிக்குப் போய்ட்டு வந்து ஊர்ல பீட்டர் விடுற அந்தப் பையன்தான். டீக்கடைப் பெரியவர் அவனைக் கலாய்க்கிறார்.

அந்தப் பெரியவருக்குக் குரல் கொடுக்க அப்பாவைத்தான் கேட்டிருக்கேன். 'எனக்கு இங்கிலீசு சரியா வராதேப்பா'ன்னார். 'ஆஸ்டல்'னே சொல்லுங்கப்பான்னேன். 'பாப்பம்'னு சொல்லியிருக்கார்.